டப்பா சொன்னா சரியா இருக்குமா?

டிஸ்கி: பழைய காசு சேக்கறவங்களுக்கான பதிவு இது. சேக்காதவங்களும் தாராளமா படிக்கலாம். "786 நம்பர் போட்ட நோட்டு ஒண்ணு வெச்சிருக்கேன், எத்தனை லட்சம் போகும்?"னு கேக்க வர்றவங்க மட்டும் இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. எனக்குத் தெரியாது சாமி :-)

நகைக்கடையில 916 முத்திரை பாத்து வாங்குறோம் இல்லையா, அதுல ஒரு நிம்மதி இருக்கு. 22 கேரட்டுன்னா ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். எந்த ஊர்ல, எந்த லேப்ல சோதிச்சாலும் அதே கணக்குதான் வரணும். வரலைன்னா கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகலாம். 2021ல இந்தியாவுல ஹால்மார்க்கைக் கட்டாயமாக்க ஆரம்பிச்சப்போ எங்கம்மா பீரோவைத் திறந்து எல்லாத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாத்தாங்க.

அமெரிக்காவுல பழைய நாணயத்துக்கும் முத்திரை மாதிரி ஒண்ணு இருக்கு. காசை ஒரு கம்பெனிக்கு அனுப்பினா, அவங்க பாத்துட்டு, அசல்தான்னு உறுதி பண்ணி, 1லேர்ந்து 70க்குள்ள ஒரு மார்க் போட்டு, அதிர்வலை வெச்சு ஒட்டின கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள அடைச்சுத் திருப்பி அனுப்புவாங்க. இந்த டப்பாவுக்கு ஸ்லாப்னு பேரு. பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி-ன்னு ரெண்டு பெரிய கம்பெனி. விக்கறவரும் இல்லாம, வாங்கறவரும் இல்லாம மூணாவது மனுஷர் சொல்றதால நம்பலாம்ங்கறது அடிப்படை.

நம்பலாமாங்கறதுதான் இந்தப் பதிவு.

எனக்கு ஏன் இந்தக் கவலைன்னு கேட்டீங்கன்னா, நியூஜெர்சியில பொட்டி தட்டிட்டு இருக்கேன். நான் முதல்ல குடியிருந்த கட்டடத்துல துணி துவைக்கிற மெஷின் 25 சென்ட் காசு மட்டும்தான் சாப்பிடும். பேங்க்ல போய் உருட்டு உருட்டா வாங்கிட்டு வருவேன். 1999லேர்ந்து 2008 வரைக்கும் மாநிலத்துக்கு ஒரு டிசைன்னு 50 வகை காசு விட்டிருக்காங்க. அதைப் பொறுக்க ஆரம்பிச்சு, மார்கன் டாலர்னு பெரிய வெள்ளிக் காசுக்கு வந்து, இப்போ மாசம் ஒரு சாயங்காலம் ஒரு சர்ச் ஹால்ல கூடற நாணயச் சங்கத்துல, அறுபது வயசுக்காரங்களுக்கு நடுவுல ஒரே சின்னப் பையனா உக்காந்திருக்கேன்.

மார்க் ஏன் இவ்வளவு முக்கியம்? 1884ல சான் ஃப்ரான்சிஸ்கோவுல அடிச்ச மார்கன் டாலரை எடுத்துக்குங்க. முப்பத்திரண்டு லட்சம் அடிச்சாங்க. அபூர்வமே கிடையாது. நல்லா தேஞ்சதா இருந்தா ஒரு வாரத்து மளிகைச் செலவுல வாங்கிடலாம். ஆனா அந்த வருஷத்துக் காசுல பெரும்பாலானது புழக்கத்துக்குப் போய் தேஞ்சு போச்சு. அடிச்ச மினுமினுப்பு மாறாம இருக்கறது ரொம்பக் கொஞ்சம். அப்படி ஒண்ணு 65க்கு மேல மார்க் வாங்கிட்டா விலை சில லட்சம் டாலர். ரெண்டும் ஒரே வருஷம், ஒரே ஊரு, ஒரே எடை வெள்ளி. வித்தியாசம் முழுக்க மேல்தோல்லதான்.

இந்த 70 மார்க் கணக்குக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. வில்லியம் ஷெல்டன்னு ஒரு உளவியல்காரர். மனுஷ உடம்பை மூணு வகையாப் பிரிச்சு, அதுக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போட்டவர். அவருக்கு அமெரிக்காவோட ஆரம்ப காலத்துப் பெரிய செப்பு சென்ட் மேல பைத்தியம். 1949ல அதைப் பத்தி எழுதின புத்தகத்துல, ஒரு காசோட அடிமட்ட நிலைக்கு ஒரு டாலர்னா, கொஞ்சம் கூட குறையில்லாததுக்கு 70 டாலர்னு ஒரு விலைக் கணக்கு போட்டார். தரத்தை அளக்கற அளவுகோல் இல்லை அது, விலை போடற பெருக்கல் வாய்ப்பாடு. அந்த விலை விகிதம் சீக்கிரமே செல்லாமப் போச்சு, நம்பர் மட்டும் தங்கிடுச்சு. 1970கள்ல அமெரிக்க நாணயச் சங்கம் இதையே எல்லாக் காசுக்கும் எடுத்துக்கிச்சு.

அந்த ஷெல்டன் 1977ல செத்துப் போனதுக்கு அப்புறம் ஒரு சங்கதி வெளிய வந்துச்சு. நியூயார்க்ல இருக்கற அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டியோட தொகுப்புலேர்ந்து நல்ல நல்ல சென்ட்டுகளை எடுத்துட்டு, அந்த இடத்துல அதே வகையில மட்டமானதை வெச்சிருக்கார். ஒண்ணு ரெண்டு இல்லை, நூத்துக்கும் மேல. திரும்ப வாங்க அந்த சொசைட்டி கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. நாணயத்துக்கு மார்க் போட வழி சொன்ன ஆசாமிகிட்டயே நாணயம் இல்லை. சும்மா சிலேடைக்காகச் சொல்லலைங்க, தமிழ்ல அமைஞ்சது அப்படி :-)

கம்பெனிகள் வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படின்னா, நீங்க விக்கப் போனா கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு "லேசா தேஞ்சிருக்கே"ம்பார். அதே காசை நீங்க வாங்கப் போனா "புதுசு சார், கை படாதது"ம்பார். கள்ளக்காசு தொல்லை தனி. 1907ல அடிச்ச, புடைப்பு அதிகமான 20 டாலர் தங்கக் காசுல ஒரு போலி உண்டு. செஞ்சவன் யாருன்னு தெரியாது, ஆனா கழுகோட நகத்துக்குள்ள பொடியா ஒமேகா எழுத்தைப் பொறிச்சு வெச்சிருக்கான். அவ்வளவு திமிர், அவ்வளவு திறமை. இப்படிப்பட்ட தொல்லைக்காகத்தான் 1972ல நாணயச் சங்கமே அசலா போலியான்னு சொல்ல ஒரு பிரிவு ஆரம்பிச்சது. மார்க் போட்டு, டப்பாவுல அடைச்சு, தப்பா இருந்தா நஷ்ட ஈடு தர்றேன்னு 1986ல பி.சி.ஜி.எஸ் இறங்குச்சு. 1987ல என்.ஜி.சி. அதுக்கப்புறம் காசைப் பாக்காமலே போன்ல வாங்கி வித்தாங்க. வால் ஸ்ட்ரீட்லேர்ந்து பணம் உள்ள வந்துச்சு. 1989ல விலை உச்சத்துக்குப் போய், அப்புறம் தொபுக்கடீர்.

1990ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. எனக்கு ரெண்டுமே ரொம்பப் பிடிக்கும். ஒண்ணு, அமெரிக்க அரசாங்கத்தோட ஃபெடரல் டிரேட் கமிஷன் பி.சி.ஜி.எஸ் மேல புகார் போட்டுச்சு. எங்க மார்க் மாறாதது, புறவயமானது, எங்களை நம்பினா ரிஸ்க் இல்லைங்கற மாதிரி விளம்பரம் பண்றீங்க, அது மிகைன்னு சொல்லிச்சு. சமரசமா முடிஞ்சது. இன்னொண்ணு, அதே வருஷம் அதே கம்பெனி, கம்ப்யூட்டரே நாணயத்தைப் பாத்து மார்க் போடும்னு ஒரு சிஸ்டத்தைக் கொண்டு வந்துச்சு. பேரு 'தி எக்ஸ்பர்ட்'. மனுஷன் மாறிப் போடுவான், மெஷின் மாறாதுங்கற அந்த ஆசை பொட்டி தட்டற எனக்கு நல்லாவே புரியுது. ஆனா நீடிக்கலை. மார்கன் டாலரை விளக்குக்கு அடியில மெதுவா சாய்ச்சுச் சுத்தினா ஒளி வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி மேல ஓடும். அந்த ஓட்டம் உடையாம இருக்கான்னுதான் பழகின கண்ணு பாக்குது. ஒரே இடத்துல வெச்சு எடுத்த படத்துல அது எப்படிங்க தெரியும்?

அதனால இன்னிக்கும் மனுஷங்கதான் பாக்கறாங்க. யார் அனுப்பினதுன்னு சொல்லாம ரெண்டு பேருக்குக் குறையாம பாப்பாங்க. ஒரு காசுக்கு சில வினாடிதான். அவங்க போடறது பாதி தரம், பாதி சந்தை. இந்தக் காசு என்ன விலைக்குப் போகும்ங்கறதும் அந்த மார்க்குக்குள்ள இருக்கு. ஐ.டி. மக்களுக்கு அப்ரைசல்னு சொன்னா சட்டுனு புரியும். ரேட்டிங் 3க்கும் 4க்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு மேனேஜருக்கே தெரியாது, ஆனா அதை வெச்சுத்தான் ஹைக்.

'காயின் வேர்ல்ட்' பத்திரிகை 2003ல ஒரு காரியம் பண்ணிச்சு. அதே காசுகளை ஒரு வருஷமா பல கம்பெனிக்கு மாத்தி மாத்தி அனுப்பிப் பாத்தாங்க. ஒரு காசுக்குக் கூட எல்லாரும் ஒரே மார்க் போடலை. சிலதுல ஏழு மார்க் வரைக்கும் வித்தியாசம். இது தெரிஞ்சதும் சில பேர் என்ன பண்ணுவாங்க? டப்பாவை உடைச்சு, காசை எடுத்து, திரும்ப அனுப்புவாங்க. 64 வந்தது 65 ஆகற வரைக்கும் அனுப்புவாங்க. உடைச்ச டப்பாவோட சீட்டைத் திருப்பித் தராததால, இந்த வகையில இத்தனை காசு இருக்குன்னு கம்பெனி போடற கணக்கு வேற வீங்கும். ஒவ்வொரு தடவையும் கட்டணம் கம்பெனிக்கு. கண்டிப்பா இருந்தா வாடிக்கையாளர் போயிடுவான், தளர்த்தினா நம்பிக்கை போயிடும். கத்தி மேல நடக்கற பொழப்பு. பழைய டப்பாவுல இருக்கற காசுக்கு இன்னிக்கு அதிக விலை குடுத்து வாங்கறவங்க உண்டு, அந்தக் காலத்துல மார்க் கஞ்சமா போட்டாங்கங்கற நம்பிக்கையில.

என்.ஜி.சி-யை ஆரம்பிச்ச ஜான் அல்பனீஸே 2007ல சி.ஏ.சி-ன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். மத்த கம்பெனி டப்பாவைப் பாத்து, இந்த மார்க்குக்கு இது தகும்னா பச்சை ஸ்டிக்கர், இதை விடக் கூடவே தகும்னா தங்க நிற ஸ்டிக்கர். அதாவது சர்டிஃபிகேட்டுக்கு சர்டிஃபிகேட். மக்கள் அதுக்கும் பணம் குடுத்தாங்க. கடைசியில 2023லேர்ந்து அவங்களே டப்பா போடவும் ஆரம்பிச்சுட்டாங்க. டப்பாவையே போலியா செய்யறாங்கங்கறது தனிப் பதிவுக்கான மேட்டர். நிஜமான சர்டிஃபிகேட் நம்பரையே அச்சடிச்சு, உள்ள கள்ளக்காசு. அதனாலதான் வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி தளத்துல இருக்கற படத்தையும் கையில இருக்கற காசையும் தழும்புக்குத் தழும்பு ஒப்பிட்டுப் பாக்கச் சொல்றாங்க.

இதெல்லாம் படிச்சுட்டு "அப்போ எல்லாம் டுபாக்கூர்"னு சொல்லிடாதீங்க. நானும் அப்படித்தான் பேசிட்டுத் திரிஞ்சிருப்பேன், போன வருஷம் ஒரு பெட்டி என் மேசைக்கு வராம இருந்திருந்தா.

எங்க சங்கத்துல ஒரு பெரியவர் இருந்தார். போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். ஸ்லாப்னாலே அவருக்குப் பிடிக்காது. காசை விரலுக்கு நடுவுல விளிம்புல பிடிச்சுப் பாக்கணும்பார். எனக்குத் தேய்மானத்துக்கும் அடி சரியா விழாததுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுத்தவர். குளிர்காலத்துல காலமாயிட்டார். ரெண்டு மாசம் கழிச்சு அந்தம்மா போன் பண்ணி, வீட்டை வித்துட்டு மக வீட்டுக்குப் போறேன், இந்தப் பெட்டியை என்ன பண்றதுன்னு கேட்டாங்க.

நாப்பத்தி ரெண்டு மார்கன் டாலர். நடுவுல ஜன்னல் வெச்ச சின்ன அட்டைக்குள்ள வெச்சு, பின் அடிச்சு, ஒவ்வொரு அட்டையிலயும் பென்சில்ல அவரே போட்ட மார்க். "64, கன்னத்துல தழும்பு." "58, கண்ணுக்கு 63." இப்படி. அதுல ஒண்ணு 1893ல சான் ஃப்ரான்சிஸ்கோவுல அடிச்சது. காசு சேக்கறவங்களுக்கு இதைப் படிச்சதும் நெஞ்சு அடிச்சிருக்கும். மொத்தமே ஒரு லட்சம்தான் அடிச்சாங்க, மார்கன் வரிசையில புழக்கத்துக்கு அடிச்சதுலயே குறைவு. அதனாலயே போலியும் அதிகம். வேற ஊர்ல அடிச்ச 1893 காசு பின்பக்கத்துல எஸ் எழுத்தை ஒட்ட வெப்பாங்க. அந்த அட்டையில அவர் எழுதியிருந்தது: "20. பழைய கழுவல், லேசா."

அசலான்னு எனக்கே பாக்கத் தெரியும். அந்தக் காசு முழுக்க ஒரே முன்பக்க அச்சுல அடிச்சது. லிபர்ட்டிங்கற எழுத்துல டி மேல குறுக்கா ஒரு மெல்லிய கோடு இருக்கும், வருஷத்துல இருக்கற 1 விளிம்புப் பல் ஒண்ணுக்கு நேர் மேல நிக்கும். பத்து மடங்கு லென்ஸ்ல ரெண்டுமே இருந்துச்சு. செலவு பூஜ்யம். ஆனா அதை எடுத்துட்டு அந்தம்மாவோட மூணு கடை ஏறினேன். முதல் கடைக்காரர் டப்பா இல்லாத 1893-எஸ்ஸைத் தொடவே மாட்டேன்னுட்டார். ரெண்டாவது கடையில 700 டாலர். மூணாவது கடையில 900, அதுவும் ஏதோ உதவி பண்ற தொனியில. டி மேல கோட்டைக் காட்டினேன். "எனக்குத் தெரியுதுப்பா, நான் யாருக்கு விக்கறேனோ அவனுக்குத் தெரியணுமே"ன்னார். அதுல தப்பும் சொல்ல முடியலை.

அதனால பதினோரு காசை மட்டும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். பேர் வேண்டாம். மத்ததெல்லாம் கட்டணத்துக்கே கட்டாது. ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு. ஏழு காசு பென்சில்ல இருந்த அதே மார்க். ரெண்டு ஒரு மார்க் கம்மி. ஒண்ணு ஒரு மார்க் அதிகம். முப்பது வருஷமா மேசை விளக்குல தனியா உக்காந்து எழுதின ஒரு ஆளுக்கும், தினம் நூத்துக்கணக்குல பாக்கறவங்களுக்கும் இவ்வளவு ஒத்துப் போச்சுன்னா ரெண்டு பக்கமும் சரக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?

கம்மியான ரெண்டுல ஒண்ணு 1880-எஸ். அவர் 65 போட்டது, 64 வந்துச்சு. சங்கத்துல ஒருத்தர் "உடைச்சுத் திரும்ப அனுப்பு"ன்னார். அந்தம்மா கேட்டாங்க, "அதே காசு, அதே ஆளுங்க, வேற நம்பர் வருமா?"

"வரலாம்ங்க."

"அப்போ இந்த நம்பர் எதுக்கு?"

என்னால பதில் சொல்ல முடியலை. உடைக்க வேண்டாம்னுட்டாங்க.

பதினோராவது அந்த 1893. அசல்னு வந்துச்சு. மார்க் 25. பென்சிலை விட அஞ்சு அதிகம். கழுவினதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கழுவினதுன்னு அவங்களுக்குப் பட்டிருந்தா நம்பர் தராம "விவரம் மட்டும்"னு எழுதி அனுப்புவாங்க, விலை நல்லா அடி வாங்கும். ஆனா இந்த அளவு தேஞ்ச, ரொம்ப காலம் முன்னாடி துடைச்சு அப்புறம் திரும்ப நிறம் ஏறின காசை, சந்தை ஏத்துக்கும்னு விட்டுடறது அவங்க வழக்கம். நானும் லென்ஸ் வெச்சுப் பாத்தேன். தலைமுடி மாதிரி கோடு இருக்கு, ஒரே திசையில. பெரியவர் எழுதினது சரி.

மூணாவது கடைக்கே போனோம். அதே காசு, அதே மனுஷர். 4,600 டாலர் எழுதிக் குடுத்தார். அந்தம்மா கைப்பையைத் திறந்து அந்தப் பழைய அட்டையையும் எடுத்து டப்பா பக்கத்துல வெச்சாங்க. "என் வீட்டுக்காரர் இப்படி எழுதியிருக்கார், நீங்க பாத்துக்கணும்." அவர் படிச்சார். காசை விளக்குல சாய்ச்சார். "அவர் சொன்னது சரிம்மா. ஆனா இது எனக்கு வேண்டாம்"னு அட்டையைத் திருப்பித் தள்ளினார். விலையைக் குறைக்கலை. அடுத்து வாங்கறவர்கிட்ட அவர் சொல்வாரான்னு நான் கேக்கலை. அந்தம்மா கேட்டாங்க. "அவரும் டப்பாவைத்தான் பாப்பார்"னு மட்டும் சொன்னார்.

900க்கும் 4,600க்கும் நடுவுல இருந்தது கம்பெனியோட நேர்மையா, பேரான்னு வண்டியில வர்றப்போ யோசிச்சிட்டே வந்தேன். அசலா இல்லையாங்கற கேள்விக்கு நான் அவங்களை முழுசா நம்புவேன். தப்பாப் போனா காசு குடுக்கற கட்டாயம் அவங்களுக்கு இருக்கு, எனக்கு இல்லை. ஆனா 64ஆ 65ஆங்கறதுக்கு என் பணத்தைக் கட்ட மாட்டேன். அங்க பெரியவரோட பென்சில் போதும் எனக்கு. கஷ்டம் என்னன்னா, அந்தப் பென்சிலை நம்ப அந்த மனுஷரைத் தெரிஞ்சிருக்கணும். அவரைத் தெரிஞ்ச ஆளுங்க எங்க சர்ச் ஹால்ல ஒரு பதினஞ்சு பேர்.

ஊர்ல இருக்கற என் காசு நண்பர்கள் "நம்ம காசையும் அங்க அனுப்பி டப்பா போடலாமா"ன்னு அடிக்கடி கேக்கறாங்க. கொஞ்சம் பொறுங்கப்பா. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின நாணயமெல்லாம் தொல்பொருள். நாம பாட்டுக்குப் பார்சல் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விக்டோரியா ரூபாய், எட்வர்ட் ரூபாய் எல்லாமே அந்தக் கணக்குலதான் வரும்.

மீதி முப்பத்தோரு காசையும் இப்போ ஒவ்வொண்ணாப் பாத்துட்டு இருக்கோம். பெரும்பாலானது சாதாரணம், பேரப் பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடலாம்னு அந்தம்மா எண்ணம். ஒண்ணு மட்டும் 1889, பின்னாடி சிசி, அதாவது கார்சன் சிட்டி. அதுவும் விலை உள்ள காசு, அதுலயும் எழுத்தை ஒட்ட வெக்கற வேலை நிறைய உண்டு. அட்டையில மார்க் எதுவும் இல்லை. பென்சில்ல ஒரே ஒரு கேள்விக்குறி. லென்ஸ் வெச்சு மூணு ராத்திரி பாத்தேன், எனக்கும் அதுக்கு மேல எதுவும் போடத் தோணலை. போன செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கோம். வந்ததும் சொல்றேன்.